எட்டு நிமிடத்துக்கு ஒரு குற்றி

சார்ஜன்ட் அவெனியூ சலவைக்கடையில் ஒரு சட்டம்:
ஓடுகிற மெசின் உள்ளவருக்கே கதிரை.
வினிப்பெக்கில் அன்று முப்பத்தொரு பாகை உறைகுளிர்.
பேருந்துக்கு நிற்பவர்களைத் தவிர
எல்லோருக்கும் அது நியாயமான சட்டம்தான்.

ரிமோட் முதலாளியின் லாச்சிக்குள்.
கூரையோடு ஒட்டிய தொலைக்காட்சியில்
நான்கு ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.
விளையாட்டு அலைவரிசையாம்.

மரிவிக் தும்புத்தடியைத் தூக்கி
அடிக்கம்பால் பொத்தானை அமத்தினாள்.
ஒரு அமத்தலில் சமையல், அடுத்ததில் வானிலை
(அது தெரிந்ததுதான்),
ஏழாவதில் பனித்தளம்.
பெண்கள் ஹொக்கி. கடைசிப் பகுதி. இரண்டுக்கு இரண்டு.

நாலு பேர் இருந்தோம்:
நான், மரிவிக்,
இரவு வேலை முடித்துச் சீருடையோடு வந்த டார்லீன்,
மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருந்த
பெயர் சொல்லாத ஒருத்தி.

பதினேழாம் இலக்கக்காரி பாய்ந்து வந்தாள்.
கண்ணாடிச் சுவரில் தோள் மோதி விழுந்தாள்.
விழுந்த இடத்திலிருந்தே வட்டைத் தட்டிவிட்டு எழுந்தாள்.
வர்ணனைக்காரர் சொன்னார்:
இவருக்கு இரட்டைப் பிள்ளைகள்.

தோளைப் பற்றி நாங்கள்தான் பேசினோம்.
முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிப் புரட்டுகிற டார்லீன்
தன் தோளைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்:
இரண்டு கிழமைக்குத் தலை இழுக்க ஏலாது.

கமரா புருசனைத் தேடி அரங்குக்குப் போனது.
புருசன் சோளப்பொரி தின்றான்.
அந்த நேரம் பார்த்துக் கூட்டம் கத்துகிறது,
ஏதோ நடந்துவிட்டது,
எங்களுக்குத் தெரிவது சோளப்பொரி.

வலைப்பந்து ஆடினவள் நான்.
மாகாணக் கிண்ணம் எடுத்த அடுத்த நாள் பேப்பரில்
'மாணவிகள் வெற்றி' என்று ஒரு வரி,
பரிசு தந்த பிரமுகரின் பெரிய படம்,
படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை.
இருபத்தாறு வருசமாக
அது என் முழங்கை என்றே சொல்லி வருகிறேன்.

சமநிலை. மேலதிக நேரம்.
உடுப்புகள் காய்ந்துவிட்டன.
முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

டார்லீன்தான் தொடங்கினாள்.
வெறும் உலர்த்தியில் ஒரு கால் டொலர்க் குற்றியைப் போட்டாள்.
அது ஒன்றுமில்லாததைச் சுழற்றத் தொடங்கியது.
மரிவிக் ஒன்று. நான் ஒன்று.
பெயர் சொல்லாதவள் பேருந்துக் காசை
ஒருமுறை எண்ணினாள்,
பிறகு எண்ணாமல் போட்டாள்.
நாலு வெறும் வயிறுகள் சூடாக உருண்டன.
முதலாளி தன் சட்டத்தை யோசித்துப் பார்த்துவிட்டுக்
குனிந்துகொண்டார்.

பதினேழு வட்டை எடுத்தாள்.
ஒருத்தியைக் கடந்தாள்.
இன்னொருத்தியை எப்படிக் கடந்தாள் என்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.
முன்னால் கோல் காப்பவள் மட்டும்.
அந்தத் தோள் பின்னால் போகிறது

கோட் போட்ட மூன்று ஆண்கள், ஒரு மேசை.
இரவு நடக்கவிருக்கும் ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னோட்டம்.
ஆறு மணி என்றால் ஆறு மணிதான்.

பெயர் சொல்லாதவள் ஒரே ஒரு சொல் சொன்னாள்.
எந்த மொழியோ.
நாலு பேருக்கும் விளங்கியது.

தும்புத்தடி எல்லா அலைவரிசையும் தேடிக் களைத்தது.
டார்லீனின் கைபேசி செத்துக் கிடந்தது,
எங்களுடையவை அதைவிட மோசம்.
ஆகவே நாங்களே முடித்தோம்.
தோள் தாங்காது, இடப்பக்கம் இழுபடும் என்றாள் டார்லீன்.
இழுபடட்டும், இடப்பக்கம்தான் திறந்து கிடந்தது என்றாள் மரிவிக்.
நான் கோல் காப்பவளின் முழங்காலைப் பார்த்திருந்தேன்:
அவள் முந்தியே இறங்கிவிட்டாள்.
பெயர் சொல்லாதவள் விரலைக் கூரைக்கு நீட்டினாள்.
மேலே.
சரி, மேலே.

மறுநாள் பேப்பரில், டயர் விளம்பரத்துக்குக் கீழே,
மூன்றுக்கு இரண்டு என்று இருந்தது.
யார் அடித்தது என்று இல்லை.

உலர்த்திகளில் இன்னும் ஐந்து நிமிடம் மிச்சம்.
போட்ட காசு போட்டதுதானே,
கையுறைகளைக் கழற்றி உள்ளே எறிந்தோம்.
வெளியே வரும்போது கை சுட்டது.

பேருந்தில் அவளுக்கும் நான் காசு போட்டேன்.
எல்லிஸ் சந்தி தாண்டியதும் பெயரைச் சொன்னாள்.
பிரெவெய்னி.
எழுத்து பிழையாக இருக்கலாம்.